ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர் 114270: யாழ்ப்பாணத்தில் ஆறு ஆண்டுகள் கட்டிய பின்

நில அளவை என் தொழில். வெயிலிலும் செம்மண் புழுதியிலும் உவர் நிலத்திலும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் எனக்கு, வாழ்நாள் முழுவதும் கையில் கிடக்கக்கூடிய ஒரு நல்ல மணிக்கூடு வேண்டும் என்ற விருப்பம் நெடுங்காலமாக இருந்தது. 2019 ஒக்டோபரில், தங்கையின் மகளின் திருமணத்துக்காகச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றிருந்தபோது, பேர்ன் நகரில் 114270 என்ற மாதிரியிலான பழைய ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர் ஒன்றை 4,800 பிராங்குக்கு வாங்கினேன். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ எட்டே முக்கால் இலட்சம் ரூபாய். சிறு தொகையன்று, பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்த சேமிப்பு. அந்த விலை நியாயமானதுதானா என்று வாங்கிய நாளிலிருந்து பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகள் கட்டிய பின், கணக்கோடு விடை சொல்லும் நிலையில் இருக்கிறேன்.

முதலில் புதியதைத்தான் தேடினேன். ரோலெக்ஸ் நிறுவனம் தான் அங்கீகரித்த கடைகள் வழியாகவே புது மணிக்கூடுகளை விற்கிறது. அக்கடைகளில் பட்டியல் விலைதான். ஆனால் உருக்கில் செய்த மாதிரிகள் கடைக்கு வரும் முன்பே காத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. நான் சென்ற கடையின் கண்ணாடிப் பெட்டியில் தங்க மணிக்கூடுகளே இருந்தன. மொழிபெயர்ப்புக்காக உடன் வந்த மருமகன் விற்பனையாளரிடம் நீண்ட நேரம் பேசிவிட்டு, "மாமா, பேரை எழுதிப்போட்டுப் போகலாமாம். ஆனா எப்ப வரும் எண்டு அவையும் சொல்லமாட்டினம்" என்றான். அதே மணிக்கூட்டைச் சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு கடையில் உடனே வாங்கலாம். ஆனால் அங்கே பட்டியல் விலைக்கு மேல் பெருந்தொகை கேட்டார்கள். ஒரு விலையில் பொருள் இல்லை, மற்ற விலையில் பொருளின் பெறுமதியோடு என் அவசரத்துக்கும் சேர்த்துக் கட்டணம். இரண்டையும் நியாய விலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போதுதான் பழைய மாதிரிகளின் பக்கம் திரும்பினேன். எக்ஸ்புளோரர் என்ற பெயர் 1953இல், எவரெஸ்ட் ஏறப்பட்ட ஆண்டில் வந்தது. கறுப்பு முகப்பு, 3, 6, 9 என்ற எண்கள், திகதி காட்டும் சாளரம் கிடையாது, 36 மில்லிமீற்றர் அகலம் என்ற அமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் நின்றது. 1989இல் வந்த 14270 மாதிரியில் எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடி சேர்ந்தது. 2001இல் வந்த 114270இல் 3130 என்ற இயந்திரம் இடம்பெற்றது. அதில், ஓட்டத்தைச் சீராக்கும் அசைசக்கரத்தைத் தாங்கும் பாலம் இரு பக்கமும் ஊன்றியிருப்பதால் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். 2010இல் நிறுவனம் இதை நிறுத்தி, 39 மில்லிமீற்றருக்குப் பெரிதாக்கியது. பெரிய மணிக்கூடே நாகரிகம் என்றிருந்த 2019இல் 36 மில்லிமீற்றருக்கு அவ்வளவு போட்டி இருக்கவில்லை. என் கையோ மெலிந்த கை. பெரியது எனக்குப் பொருந்தவும் இல்லை. எல்லாரும் வரிசையில் நிற்கும் பொருளுக்கு அருகிலேயே, அதே தரத்தில், வரிசை இல்லாத பொருள் ஒன்று இருந்தது என்பதே நான் கண்டுகொண்டது.

மூன்று மணிக்கூடுகள் பார்வைக்கு வந்தன. இந்த இடத்தில் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் விலை பற்றி நான் கற்றதெல்லாம் இங்கேதான்.

முதலாவது, நகரின் பெரிய கடை ஒன்றில் 5,600 பிராங். பெட்டி, உத்தரவாதத் தாள், கடையின் ஓராண்டுப் பொறுப்பு எல்லாம் இருந்தன, புதியதுபோல் மினுங்கியது. அந்த மினுக்கமே குறை. பட்டி கோக்கும் காதுகளைப் பக்கவாட்டில் பார்த்தபோது அவற்றின் விளிம்புகள் மழுங்கி, ஒரு காது மற்றதைவிட மெலிந்திருந்தது. பலமுறை பொலிஷ் போட்டதில் உலோகம் தேய்ந்து போயிருந்தது. இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம், முள்ளை மாற்றலாம். தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

இரண்டாவது, இணையத்தில் வேறு நாட்டிலிருந்து ஒருவர் 3,900 பிராங்குக்கு விற்க இருந்தது. தாள் இல்லை. தொடர் எண்ணைக் காட்டும் படமும் இல்லை. அந்தக் காலத்து மணிக்கூடுகளில் தொடர் எண் 6 மணிப் பக்கத்துக் காதுகளுக்கு நடுவே பொறிக்கப்பட்டிருக்கும். பட்டியைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றிப் படம் எடுத்து அனுப்பும்படி இரண்டு முறை கேட்டோம், பதில் வரவில்லை. அவர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் சேர்விஸ் செய்த சான்று இல்லாததால் அதற்கு 700, 800 பிராங் ஒதுக்க வேண்டும். உள்ளே மாற்றுப் பாகம் ஏதும் இருந்தால் அதன் செலவு வேறு. 3,900 என்பது உண்மையில் 4,600, 4,700 என்று கணக்கு வந்தது, அதுவும் ஐயம் தீராமல்.

மூன்றாவது, பேர்னில் ஒரு சந்துக்குள் இருந்த வயதான மணிக்கூடு திருத்துநரின் சிறிய கடையில். 5,000 பிராங் கேட்டார். 2004ஆம் ஆண்டு விற்கப்பட்டதற்கான உத்தரவாதத் தாளும், 2019 வசந்தத்தில் அவரே செய்த சேர்விசின் பற்றுச்சீட்டும் இருந்தன. உடம்பில் கீறல்கள் நிறைய. காதுகளோ தடிப்பாக, விளிம்பு கூராக இருந்தன. கேட்காமலே பட்டியைக் கழற்றித் தொடர் எண்ணையும் தாளையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஓட்டத்தை அளக்கும் கருவியில் வைத்து, முகம் மேலாக, கீழாக, சாவி (பக்கத்தில் உள்ள திருகு குமிழ்) கீழாக என ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு முந்துகிறது என்று காட்டினார். எல்லா நிலைகளிலும் நாளொன்றுக்கு 1 முதல் 4 விநாடிக்குள் நின்றது. பட்டியில் ஒரு கண்ணி குறைவு என்று அவரே சொல்லி, அதற்காக 200 பிராங்கைக் கழித்தார். என் கைக்கு அந்தக் கண்ணி தேவையில்லை. ஆனாலும் பின்னாளில் விற்பதானால் அது குறையாகவே கணக்கிடப்படும் என்பதால் அந்தக் கழிவை ஏற்றுக்கொண்டேன். அதற்கு மேல் பேரம் பேசவில்லை. குறையைத் தானே எடுத்துச் சொல்லி விலையைத் திருத்துபவரிடம் மேலும் குறைக்கச் சொல்வது முறையாகாது என்றே எண்ணினேன்.

எங்கள் கஸ்தூரியார் வீதியில் பழைய நகையை விற்கவோ வாங்கவோ போனால், அன்றைய பவுண் விலை எல்லாருக்கும் தெரியும்; தராசும் உரைகல்லும் மீதியைச் சொல்லிவிடும். பழைய மணிக்கூட்டுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. கேட்கும் தொகையோடு, அதைச் சரியாக ஓடச் செய்ய இனிச் செலவழிக்க வேண்டியதையும் கூட்டினால்தான் அதன் விலை தெரியும். அவ்வாறு கூட்டி, இரண்டாவதில் தீராத ஐயத்தையும் எண்ணியபோது மூன்றிலும் இதுவே மலிவு.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கப் பகுதியில் அறிவித்து, கேட்ட தீர்வையைச் செலுத்தினேன். அந்தப் பற்றுச்சீட்டும் மணிக்கூட்டின் தாள்களோடு இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே இந்தச் செலவை ஒதுக்கி வைப்பது நல்லது.

இனிப் பயன்பாடு. நவாற்குழியிலும் அரியாலையிலும் உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது பலமுறை கடல்நீர் தெறித்திருக்கிறது. திருகிப் பூட்டும் சாவியும் திருகிப் பூட்டும் பின்மூடியும் இருப்பதால், கண்ணாடிக்கு உள்ளே ஒரு நாளும் ஆவி படிந்ததில்லை. நூறு மீற்றர் ஆழத்துக்கான உறுதி இதற்கு உண்டு. எனக்கு அது வியர்வைக்கும் மழைக்கும் எதிரான உறுதி. நல்லூர்த் திருவிழாக் காலத்து வெக்கையில், காலையில் கட்டியதை இரவுதான் கழற்றுவேன்.

தொல்லை கொடுத்தவை இரண்டு. ஒன்று செம்மண். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் தோட்டக் காணிகளை அளந்துவிட்டு வந்தால், பட்டியின் கண்ணிகளுக்கு இடையில் மண் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். அப்படியே விட்டால் அது அரம்போல அராவி, கண்ணிகளைத் தளர்த்தும். மற்றது அந்த மண்ணைக் கழுவும் தண்ணீர். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலில் படிவதைப் போலவே, கழுவி ஈரத்தோடு வைத்த மணிக்கூட்டிலும் வெண்படலம் படியும். முதலாண்டில் சாவியைச் சுற்றி அது கட்டியானதைக் கண்டு பயந்துபோனேன். அதன் பிறகு, வாரம் ஒருமுறை சாவி இறுகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, மென்மையான பற்தூரிகையும் கொதித்தாறிய நீரும் கொண்டு கழுவி, பருத்தித் துணியால் உடனே துடைத்துவிடுகிறேன். படலம் பிறகு வரவில்லை.

பட்டியின் கொக்கி தகட்டை வளைத்துச் செய்தது. புதிய மாதிரிகளின் கனத்த கொக்கியோடு ஒப்பிட்டால் மெலிது, திறக்கும்போது கலகலக்கும். இந்த விலைப் பொருளில் இதை ஒரு குறையாகவே சொல்வேன். ஆனால் எடை குறைவு என்பதால், நாள் முழுவதும் கருவியைத் தூக்கித் திரிபவனுக்கு அது வசதியாகவும் இருக்கிறது. நேரம் காட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு மாத முதலாம் நாளிலும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டுக் கொப்பியில் குறிக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் நாளொன்றுக்கு 2, 3 விநாடி முந்தியது, இப்போது 6. வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு பிற்பகல் வரை ஓடும்.

2021இல் நிறுவனம் எக்ஸ்புளோரரை மீண்டும் 36 மில்லிமீற்றருக்கே கொண்டு வந்தது. 70 மணிநேரம் ஓடும் புது இயந்திரத்தோடு, அமெரிக்காவில் 6,450 டொலர் பட்டியல் விலை. அதோடு பழைய 36க்கும் நாட்டம் கூடியது. அடுத்த ஆண்டு நாட்டின் நெருக்கடி. ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட நாட்கள் அவை. பெற்றோல் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது வீட்டில் இருந்தபோது, கொழும்பிலுள்ள ஒருவர் தெரிந்தவர் மூலம் 18 இலட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியனுப்பினார். வாங்கியதிலும் இரண்டு மடங்கு என்று வீட்டில் எல்லாரும் வியந்தார்கள். அன்றிரவு கணக்குப் பார்த்தேன். ஒரு பிராங் அப்போது ஏறத்தாழ 365 ரூபாய். 18 இலட்சம் என்பது 4,930 பிராங். கட்டிய சுங்கத் தீர்வையைச் சேர்த்தால் அதில் இலாபமே இல்லை. அவர் சொன்ன தொகையில் மணிக்கூட்டின் விலை ஏறவில்லை, எங்கள் ரூபாய்தான் விழுந்திருந்தது. விற்றிருந்தால் கையில் வரும் ரூபாய்க்கு அதே மணிக்கூட்டைத் திரும்ப வாங்கியிருக்க முடியாது. மனைவிக்கும் இது புரிந்தது. அத்துடன் அந்தப் பேச்சை விட்டோம். சுவிசில் இதன் விலை அந்த வசந்தத்தில் உச்சத்துக்குப் போய்ப் பின்பு இறங்கியதை மருமகன் அவ்வப்போது சொல்வான். இறங்கிய விலையும் 4,800க்கு மேலேயே நிற்கிறது.

இதை வாங்க நினைப்பவர்கள் இங்கே எதிர்கொள்ள வேண்டிய உண்மையான சிக்கல் பழுதுபார்ப்புத்தான். ரோலெக்ஸ் தன் உதிரிப்பாகங்களைத் தான் அங்கீகரித்தவர்களுக்கே கொடுக்கிறது. சென்ற ஆண்டு, பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்ற முடியுமா என்று பேருந்து நிலையத்துக்கு அருகில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் திருத்துநரிடம் கொண்டு போனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இதை நான் திறக்கமாட்டன். திறக்கிறது கஷ்டமில்லை, திறந்தாப்பிறகு போட வேண்டிய வளையம் என்னட்டை இல்லை" என்றார். அவரிடம் வேறு மணிக்கூடுகளுக்குத் தொடர்ந்து போகிறேன். ஒருவரை நம்புவதற்கு எனக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

நிறுவனம் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை சேர்விஸ் போதும் என்கிறது. வெக்கையும் வியர்வையும் ரப்பரை விரைவில் இறுகச் செய்யும் என்பதால் நான் ஏழாம் ஆண்டிலேயே செய்விக்க இருக்கிறேன். மாதம் 4,000 ரூபாய் வீதம் அதற்கென வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். அடுத்த ஆவணியில் நல்லூருக்கு வரும் மருமகன் திரும்பும்போது கொண்டு போவான். பேர்ன் திருத்துநர் கடையை மூடவில்லை என்று விசாரித்துச் சொல்லியிருக்கிறான். உடம்புக்குப் பொலிஷ் போட வேண்டாம் என்று அவரிடம் எழுதிக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.