மருந்தக முகப்பில் என் கடப்பிதழ் செல்லாது

அக்கா மகனுக்கு 18 வயது. எலும்புப் புற்றுநோய், இடுப்பு வரைக்கும் போய்விட்டது. பர்மிங்ஹாமிலிருந்து இந்தத் தடவை ஊருக்கு, சிங்கப்பூருக்கு, வந்ததே அவன் பக்கத்தில் இருக்கத்தான். விமானம், எம்ஆர்டி ரயில், தேக்கா சந்தை பற்றியெல்லாம் எழுதவில்லை, எழுதப்போவது ஒரு மருந்தக முகப்பைப் பற்றி.

அவன் குடிப்பது கடும் வலிக்கான மார்ஃபின் சிரப். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு அளவு. அந்த வாரம் கூடுதல் அளவே நிறையப் போனதால் புட்டி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அக்காவும் அத்தானும் வேலையில். சரி, நான் போகிறேன் என்று கிளம்பினேன். மருந்துச் சீட்டு கையில், அவனுடைய அடையாள அட்டையின் படம் கைப்பேசியில். முகப்பில் ஒரு தமிழ்ப் பெண். "கன்ட்ரோல்ட் டிரக் ஆன்ட்டி, அவரோட ஒரிஜினல் ஐசி வேணும், வாங்குற உங்க ஐசியும் வேணும்." கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, அதனால் அசல் அடையாள அட்டைகள் வேண்டுமாம். பிரிட்டிஷ் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, நீட்டினேன். அது செல்லாதாம், அரசாங்க மின் அடையாளச் செயலியான சிங்பாஸில் காட்டுங்கள் என்றாள். குடியுரிமையை மாற்றிக்கொண்டவளுக்கு ஏது சிங்பாஸ்? மேலாளர் வந்தார், கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார். இதற்குள் "சித்தி, எவ்ளோ நேரம்" என்று வாட்ஸப் வந்துவிட்டது, அதற்கு மேல் அவன் ஒன்றும் எழுதவில்லை. இங்கிலாந்திலும் மார்ஃபின் வாங்கப் போனால் யாரென்று கேட்பார்கள், கேட்கட்டும், ஆனால் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் கடப்பிதழைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பார். புற்றுநோயாளி என்றால் 2009இலிருந்து மருந்துச் சீட்டுக்குக் காசும் கிடையாது.

கடைசியில் காப்பாற்றியது வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புத் தாதி. அவர்களுடைய 24 மணி நேர எண்ணுக்கு அழைத்தேன், அவரே முகப்பில் பேசினார், புட்டி கைக்கு வந்தது. இந்தத் தாதிகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே வலி, எரிகிறதா குத்துகிறதா, தூங்கினாயா, மலம் போனதா என்று அவனிடம்தான் கேட்பார், அக்காவிடம் இல்லை. மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால் அதற்கும் ஒரு மருந்து, நரம்பு வலிக்கு கபாபென்டின். இத்தனை முறை வந்து போவதற்கு ஒரு வெள்ளி வாங்குவதில்லை.

ஆனால் சொந்தக்காரர்களைச் சமாளிக்க எந்தத் தாதியாலும் ஆகாது. "சின்னப் பையனுக்குப் போதை மருந்தைக் குடுத்துப் பழக்கிடாதீங்கடி" என்று பெரியம்மா வரும்போதெல்லாம் புலம்புவார். 30 கிராமுக்கு மேல் மார்ஃபின் கடத்தினால் தூக்கு என்று சட்டம் உள்ள ஊர், பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். அவன் குடிப்பது மில்லிகிராம் கணக்கு என்பதும், வலிக்கு அளந்து கொடுக்கும்போது அடிமையாவது அரிது என்பதும் காதில் ஏறுவதே இல்லை. அவர் வந்துபோன அன்று அக்கா சத்தமில்லாமல் அளவைக் குறைப்பாள், அன்று இரவு முழுக்க அவன் விழித்திருப்பான்.

வயது இன்னொரு சங்கடம். குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புக்கு 2012இல் வந்த ஸ்டார் பால்ஸ் திட்டம் 19 வயது வரைக்கும்தான், அப்புறம் பெரியவர்கள் பக்கம் போக வேண்டும். இங்கிலாந்தில் 13 முதல் 24 வயது வரைக்கும் டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பெரிய மருத்துவமனைகளில் தனி வார்டே அமைத்துக் கொடுத்திருக்கிறது. இவன் பரிசோதனைக்குப் போனால் சுற்றி உட்கார்ந்திருப்பதெல்லாம் தாத்தா பாட்டிகள்.

இவனுடைய கூட்டாளிகள் இப்போது தெக்கோங் தீவின் ராணுவப் பயிற்சி முகாமில், கட்டாய தேசிய சேவை. வார இறுதியில் புக் அவுட் ஆகி முகாமை விட்டு வெளியே வந்ததும் மொட்டைத் தலையோடு நேரே இங்கே வந்து கைப்பேசியில் விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே கூடுதல் அளவைக் குடித்துவிடு என்று தாதி சொல்லிவைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பெரியம்மா வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.