ஆன்லைன் ரோபோ போட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரை ஆன்லைன் ரோபோ போட்டி ஒன்றில் சேர்த்துவிட்டவன் நான்தான். தலைக்கு 1,500 ரூபாய். அதில் 600 ரூபாய் ‘மென்பொருள் உரிமக் கட்டணம்’ என்று ரசீதில் போட்டிருந்தார்கள். மறுநாள் வந்த இணைப்பைத் திறந்தால் வெபாட்ஸ்! 2018 இறுதியிலிருந்து திறமூல மென்பொருளாக எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற, ரோபோவைக் கணினித் திரைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மென்பொருள் அது. அன்றே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் ஆசையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் உழைத்தார்கள். புதிர்ப்பாதையில் ஒரே ஒரு மூலையில் ரோபோவின் சக்கரம் வழுக்கித் திசை மாறிக்கொண்டே இருந்தது. தூர உணரி காட்டிய எண்களையெல்லாம் ஒரு மாணவி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி எழுதிப் பார்த்து, மூன்றாம் நாள் அதைச் சரிசெய்தாள்.

போட்டியன்று எட்டு நிமிடம் கொடுத்தார்கள். எங்கள் திரையை வீடியோ அழைப்பில் பார்த்தபடி, நடுவர் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். அக்கிரமம் அங்கேதான் நடந்தது. சிமுலேஷனுக்குள் ரோபோவுக்கென்று தனிக் கடிகாரம் ஓடுகிறது. கணினி பழையது என்றால் அது மெதுவாக நகரும். எங்கள் பள்ளிக் கணினியில் வேகம் 0.40, அதாவது நிஜ நேரத்தில் பத்தில் நான்கு பங்குதான், என்று திரையிலேயே தெரிந்தது. நடுவரின் எட்டு நிமிடம் எங்கள் ரோபோவுக்கு மூன்றேகால் நிமிடம்கூட இல்லை. பாதி வழியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நல்ல கணினி வைத்திருந்த அணிகளுக்கு முழு நேரமும் கிடைத்தது. பிள்ளைகள் எழுதிய நிரலை வாங்கி, எல்லா அணிகளுக்கும் ஒரே கணினியில் ஓட்டி, ரோபோவின் கடிகாரத்தைக் கணக்கில் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அன்று மாலையே அதே கணினியில் கடைசிவரை ஓடவிட்டுப் பதிவு செய்தோம். சுவர்க் கடிகாரத்தில் 17 நிமிடத்துக்கு மேல் ஆனது. ரோபோவின் கடிகாரத்தில் 6 நிமிடம் 52 நொடி. அந்தப் பதிவை அனுப்பினேன். ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கூடவே, பங்கேற்புச் சான்றிதழை அச்சிட்டு அனுப்ப ஆளுக்கு 350 ரூபாய் கட்டச் சொன்னார்கள்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, நிரல் யாருடைய கணினியில் ஓடும், எந்தக் கடிகாரத்தை எண்ணுவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். உரிமக் கட்டணம் கேட்டால் எந்த மென்பொருளுக்கு என்று கேளுங்கள். வெபாட்ஸ் மட்டுமல்ல, அதே போன்ற இன்னொரு மென்பொருளான கஸீபோவும் இலவசம்தான். ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நான் புகார் பதிவு செய்துவிட்டேன். அந்த 17 நிமிடப் பதிவையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.