மேஜிக் பெட்டியா, ஒரு ரூபாய்க் காசா?

மேஜிக் மேல் ஆசை வந்தவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றைக்கொண்டுதான் தொடங்குகிறார்கள்: கடையில் வாங்கிய மேஜிக் பெட்டி, இல்லையென்றால் சட்டைப்பையில் கிடக்கும் காசு.

பெட்டியில் பாதி வேலையைப் பொருளே செய்துவிடும். ஸ்வெங்காலி சீட்டுக்கட்டையே பாருங்கள். அதில் பாதி ஒரே சீட்டு. மற்றவற்றைவிட இம்மியளவு குட்டை. கட்டைச் சரசரவெனப் புரட்டும்போது யார் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அதே சீட்டு வரும். வாங்கிய அன்றே வீட்டில் கைதட்டு நிச்சயம். ஆனால், "கட்டைக் கொடு, பார்க்கிறேன்" என்று யாராவது கை நீட்டினால் கதை முடிந்தது.

காசு வித்தைக்கு அந்தப் பயம் இல்லை. ‘பிரெஞ்ச் டிராப்’ என்ற வித்தையில், இடது கை விரல்நுனியில் உள்ள காசை எடுக்க வலது கை போகும். அதன் கட்டைவிரல் அடியில் நுழையும்போதே காசு இடது உள்ளங்கைக்குள் நழுவிவிடும். வெறுமனே மூடிய வலது கையில் காசு இருப்பதாக நம்பி, வித்தை செய்பவரின் கண்ணும் அதைத் தொடர வேண்டும், அதுதான் கஷ்டம். கண்ணாடி முன் வாரக்கணக்கில் பழக வேண்டியிருக்கும். பழகிவிட்டால், பார்ப்பவரிடமே காசு வாங்கிச் செய்யலாம்.

8 வயதுப் பிள்ளைக்குப் பெட்டியே சரி. பெரியவர்கள் காசிலேயே தொடங்குங்கள். அப்புறம் சீட்டுக்கட்டை எடுக்கும்போது, பார்ப்பவரின் கவனத்தைத் திருப்பும் பழக்கம் கைவசம் இருக்கும்.