செம்பனைக் காட்டில் ஜியோகேஷிங்: ஒரு கல்லூரி மாணவனின் நீண்ட நாள் அனுபவம்

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில், யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டை ஆரம்பித்தேன். இப்போது ஈப்போவில் நில அளவை டிப்ளோமாவின் கடைசி ஆண்டில் இருக்கிறேன், இன்னும் விடவில்லை. ஆங்கிலத்தில் இதைப் பற்றி வீடியோவும் கட்டுரையும் குவிந்து கிடக்கின்றன, ஆனால் நான் பார்த்தவை எல்லாம் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருக்கிறவர்கள் போட்டவை. அங்கே ஒரு பூங்காவுக்குள் நுழைந்தாலே வரிசையாகப் பெட்டிகள் கிடைக்கும். சுங்கை சிப்புட் மாதிரி சுற்றிலும் செம்பனை (பாமாயில் மரம்), அங்கங்கே மிச்சமிருக்கும் ரப்பர், அப்புறம் சுண்ணாம்புக் குன்றுகள் என்று இருக்கிற ஒரு தோட்டப்புற ஊரில் இது எப்படி இருக்கும், காசு செலவழிக்கலாமா, என்னென்ன தொல்லை வரும் என்று யாரும் தமிழில் எழுதி என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் தேடுவதற்காக மட்டும் இதில் இறங்கினால் சீக்கிரமே தேட ஒன்றும் இருக்காது. நாமும் பெட்டி வைக்க வேண்டும், வைத்ததைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அந்தப் பக்கம் வந்த பிறகுதான் எனக்கு இது பிடித்துப்போனது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை ஜியோகேஷிங்.காம் தளத்தில் போடுவார். இந்த டப்பாவைத்தான் கேஷ் என்பார்கள். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே சின்னச் சின்னப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுக்கலாம், எடுத்தால் அதே மதிப்புக்கோ அதற்கு மேலோ ஒன்றைப் போட்டுவிட வேண்டும். கண்டுபிடிக்க எவ்வளவு கடினம், போய்ச் சேரும் வழி எவ்வளவு கடினம் என்று இரண்டுக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

இது பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், படிப்பும் அதே துறை என்பதால் இருக்கலாம். பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க இராணுவம் முன்பு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். 2000 மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். சிக்னல் உண்மையிலேயே துல்லியமாகிவிட்டதா என்று பார்க்கத்தான் அந்த வாளி. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் அந்த இணையத்தளத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கும் மேல் கேஷ்கள் இருக்கின்றன.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும். வளர்ந்த செம்பனைக்குக் கீழே அது நடக்காது. மட்டைகள் மேலே கூரை போட்ட மாதிரி மூடியிருக்கும், மழை பெய்து இலையெல்லாம் ஈரமாக இருந்தால் சிக்னல் இன்னும் குறையும், கைப்பேசித் திரையில் திசை காட்டும் முள் அங்கும் இங்கும் அலையும். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் வேறு தொல்லை. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலையும் கைப்பேசி சேர்த்துக் கணக்குப் போடுவதால், நிற்கிற இடத்தை விட்டு நம்மைத் தள்ளிக் காட்டும். நான் செய்வது இதுதான்: கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவேன். அப்புறம் கண்தான். பெட்டியை வைத்தவர் எங்கே குனிந்திருப்பார், எது இயற்கையாக விழுந்த கல், எது கொண்டுவந்து வைத்த கல் என்று பார்ப்பேன். அப்படியும் அகப்படவில்லை என்றால் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு, வானம் தெரிகிற இடத்துக்கு வந்து, முள் ஒரு நிலைக்கு வந்த பிறகு வேறு திசையிலிருந்து மறுபடியும் நடப்பேன்.

தோட்டத்துக்குள் இணைய லைன் பல இடங்களில் கிடைக்காது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, ஆனால் வரைபடத்துக்கும் கேஷின் விளக்கத்துக்கும் தேவை. ஆகவே வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்களை ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி வெளிநாட்டு வீடியோவில் சொல்வது நமக்குப் பாதிக்கூடப் பொருந்தாது. செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், அதிலும் நாகம் வரும். வெட்டிக் குவித்த மட்டைக்குள்ளும் மரத்தடிப் பொந்துக்குள்ளும் கையை விடவே கூடாது, முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்கக் கூடாது. கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்று தெரிந்தால் அது கேஷ் இல்லை, எலியைப் பிடிக்கத் தோட்டம் வளர்க்கிற ஆந்தையின் கூடு. அதைத் திறக்காதீர்கள். மதியத்துக்கு மேல் இடி மழை வருவது நம் பக்கம் சாதாரணம் என்பதால் நான் காலையில் மட்டும்தான் போகிறேன், தனியாக உள்ளே போவதில்லை, தோட்டத்தின் எந்தப் பிரிவு, அதாவது எந்த பிளாக் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுப்பேன்.

பாம்பைவிட அதிகமாகச் சந்திப்பது ஜாகாவை, அதாவது தோட்டத்துக் காவலாளியைத்தான். பழத் திருட்டு நடக்கிற தோட்டங்களில், பழம் வெட்டாத நாளில் மோட்டாரில் சுற்றுகிற இளைஞன் மேல் சந்தேகம் வருவது நியாயம். ஒருமுறை பொதுச் சாலையோரம் தோட்டத்து எல்லையில் இருந்த ஒரு கேஷைத் தேடிக்கொண்டிருந்தேன். “யாரு தம்பி, இங்க என்ன தேடுற?” என்று ஜாகா வந்து நின்றார். “அண்ணே, இது ஒரு வெளையாட்டு” என்று செயலியையும் கையெழுத்துத் தாளையும் காட்டினேன். நம்ப மறுப்பார் என்று நினைத்தேன், அவரோ நேராக ஒரு கல்லருகே போய்க் காட்டினார். “இந்த டப்பாவா? யாரோ மந்திரிச்சு வச்சிருக்கானுங்கன்னு ஒரு வருசமா நான் தொடவே இல்லப்பா.” அன்றிலிருந்து நான் வைக்கிற எந்தப் பெட்டியின் மூடியிலும் தமிழிலும் மலாயிலும் எழுதிவிடுகிறேன்: இது ஒரு விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை, செய்வினை இல்லை, தயவுசெய்து எடுக்காதீர்கள். மலேசியாவில் பெட்டி வைக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கோயில் பக்கம், ஆற்றோரம், பெரிய மரத்தடி எல்லாம் நம் ஆட்கள் வேறு விதமாகப் பார்க்கிற இடங்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது.

எங்கள் வட்டாரத்தில் கேஷ்கள் குறைவு. ஈப்போ, பினாங்கு பக்கம் போனால் நிலைமை பரவாயில்லை. ஊரில் இருப்பதிலும் சிலவற்றைக் கவனிக்க ஆளில்லை. வைத்தவர் வேலை முடிந்து நாட்டை விட்டே போயிருப்பார், பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து தாள் கூழாகியிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் “கிடைக்கவில்லை” என்று பதிவு போடுவது ரொம்ப முக்கியம், அதைப் பலர் அவமானமாக நினைத்துப் போடாமல் விடுகிறார்கள். தேடுகிறவர்களே அபூர்வம் என்னும்போது ஒருவர் போடுகிற அந்த ஒரு வரிதான் பெட்டி காணாமல் போயிருக்கலாம் என்பதற்கான அடையாளம். அதைப் பார்த்துத்தான் வைத்தவரோ, தன்னார்வச் சரிபார்ப்பாளரோ ஏதாவது செய்ய முடியும்.

ஜியோகேஷிங்.காம் தளத்துக்குக் காசு கட்டிச் சேரும் பிரீமியம் சந்தா? தோட்டப்புற ஊரில் இருக்கிற மாணவனுக்கு வேண்டாம் என்பேன். இலவசக் கணக்கில் செயலி எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து காட்டாது என்பது உண்மைதான், ஆனால் இணையத்தளத்தில் போய்ப் பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கும். சுற்று வட்டாரத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது என்னும்போது வடிகட்டித் தேடுகிற வசதிக்கு ஆண்டுதோறும் கட்டுவதில் பயனில்லை. கோலாலம்பூரில் படிக்கிறவர், விடுமுறைக்கு வெளிநாடு போகிறவர் என்றால் யோசிக்கலாம். நான் ஒரு செமஸ்டர் விடுமுறையில் கட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல டப்பாக்கள் வாங்கிக்கொண்டேன்.

இனி நான் பெட்டி வைத்த கதை. சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்றுப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அந்தச் செய்தி எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கும். பாட்டி பிறந்து வளர்ந்து பால்மரம் வெட்டிய தோட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆட்கள் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) போய்விட்டார்கள். இருப்பது மாரியம்மன் கோயிலும், ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரின் சில சிமெண்டுத் தூண்களும், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தின் தரையும்தான். நான் பாட்டியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய், “ஆயாக் கொட்டகை (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்க பாட்டி இருந்துச்சு? கள்ளுக்கடை எந்தப் பக்கம்?” என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு இடத்திலும் ஜிபிஎஸ் புள்ளி எடுத்தேன். கல்லூரியில் படித்த நில அளவை எனக்கு இதைவிடப் பெரிதாக எதற்கும் உதவியதில்லை.

அதை வைத்து ஒரு மல்ட்டி கேஷ், அதாவது பல இடங்களைச் சுற்றிக் கடைசியில் பெட்டிக்குப் போகிற கேஷ், போட்டேன். முதல் இடத்தில் கோயில் வளைவில் உள்ள ஆண்டு, அடுத்ததில் மிச்சமுள்ள தூண்களின் எண்ணிக்கை, இப்படி அங்கே போய்ப் பார்த்தால் மட்டுமே கிடைக்கிற எண்களைச் சேர்த்தால் கடைசிப் பெட்டியின் இடம் வரும். இதில் ஒரு வசதி உண்டு. பெட்டிக்கும் பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி, ஆனால் வெறும் எண்ணைப் பார்த்து எழுதுகிற இடங்களுக்கு அது கிடையாது. பொருள் எதையும் வைக்காததால் தோட்டத்து ஆட்களுக்கும் தொந்தரவு குறைவு. எண்கள் விஷயத்தில் கவனம் தேவை. அட்சரேகை தீர்க்கரேகை எண்களில் வரும் நிமிடத்தின் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய 1.85 மீட்டர்தான் தள்ளும், முதல் இலக்கம் மாறினால் 185 மீட்டர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வடக்கு தெற்கிலும் கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. தேடுகிறவர் தப்பான பிளாக்கில் அலையக் கூடாது என்று விடைகளின் கூட்டுத்தொகையையும் விளக்கத்தில் கொடுத்திருக்கிறேன்.

அனுமதிதான் நீண்ட வேலை. நில உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி, நானும் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். தோட்டத்து ஆபீஸில் கடிதம் கொடுத்துவிட்டுப் பல மாதம் நடந்தேன். பதிலே சொல்லாமல் அலைக்கழித்தார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கடைசியில் பகலில் மட்டும், பழம் வெட்டுகிற பிளாக்குகளுக்குள் போகாமல், சாலையோடு நடக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோயில் தலைவர் கேட்டது ஒரே கேள்வி: “சாமி எடத்துல வந்து கண்டவன் தோண்டுவானா?” மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதிப்படியே தடை என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். திருவிழா நாள்களில் கேஷைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறேன் என்று நானாகவே சொன்னேன், ஆனால் அவர் மறுத்துவிட்டார். அன்றைக்குத்தான் பழைய தோட்டத்து மக்கள் எல்லோரும் வருவார்கள், தேடட்டும் என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஜோகூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒரு அம்மா, மகனின் கைப்பேசியில் இதைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு எல்லா இடத்துக்கும் நடந்திருக்கிறார். தாளில் கையெழுத்தோடு நிறுத்தாமல், கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்ததே, அதை விட்டுவிட்டீர்களே தம்பி என்று எழுதியிருந்தார். பாட்டியிடம் கேட்டேன், ஆமாம் என்றார். அந்தக் கிணறு இப்போது விளக்கத்தில் இருக்கிறது.

பெட்டி விஷயத்தில் என் பரிந்துரை: நான்கு பக்கமும் கிளிப் போடுகிற, ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா. பழைய பிலிம் டப்பா நம் மழைக்குத் தாங்காது. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடும், பென்சில் போடுங்கள். தாளை ஜிப் பையில் வைத்து ஒரு சிலிக்கா பொட்டலமும் போட்டால் பூஞ்சை தாமதமாகும். மிட்டாய் போடக் கூடாது என்பது விதியும்கூட, போட்டால் எறும்பு முதலில் கண்டுபிடிக்கும். மழைக்காலத்தில் நான் அடிக்கடி போய்த் தாளை மாற்றுகிறேன். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் வைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்ததாக ஒரு எர்த்கேஷ் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பெட்டியே கிடையாது, அந்த இடத்தின் மண்ணியலைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும், அங்கே நின்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடிகிற மாதிரி இருக்க வேண்டும். சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஓடும் அரிப்புக் கோட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கேள்விகளைத் தமிழிலும் போடப்போகிறேன். பாறை பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.