பிள்ளைக்கு முகம் எடுக்கப் பழக்க எந்த பிலிம் கேமரா?

எட்டு வயதுப் பிள்ளையிடம் பிலிம் கேமராவைக் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம். எந்தக் கேமராவைக் கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் மூன்று வகை கைக்கு வருகின்றன: அமுக்கினால் போதும் என்கிற பிளாஸ்டிக் கேமரா, எடுத்த கையோடு படம் வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ், எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற பழைய எஸ்.எல்.ஆர். பாலம், படகு, கோபுரம் எடுக்க மூன்றில் எதுவும் சரிதான். மனிதர் முகத்தை எடுக்கப் பழக்குவது என்றால் நான் எஸ்.எல்.ஆர். பக்கம்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரை நன்றாகப் பார்க்காமல் அதில் படமே எடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

பிளாஸ்டிக் கேமராவை முதலில் முடித்துவிடலாம். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு யாஷிகா எம்.எஃப்-2வோ கோடக் கே.பி.10-ஓ இன்னும் கிடக்கும். புதிதாக வாங்குவதென்றால் 2022இல் வந்த கோடக் எக்டார் எச்35 இருக்கிறது. எடை சுமார் 100 கிராம்தான். ஒவ்வொரு படத்தையும் வழக்கமான அளவில் பாதியாக எடுப்பதால் 36 படச் சுருளில் 72 படம் வரும். சின்னக் கைக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். ஒரு மீட்டருக்கு உள்ளே போனால் முகம் மங்கிவிடும். லென்ஸோ அகலமாகப் பார்க்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் முகம் நடுவில் சின்னதாகவும், சுற்றிலும் வலையும் வானமும் பெரிதாகவும் விழும். மங்கலாக விழப்போகிறதா என்பதை, கண்ணை வைத்துப் பார்க்கும் அந்த வியூஃபைண்டர் காட்டாது. தவறு எங்கே என்று தெரியாமலே பிள்ளை 72 படத்தையும் எடுத்து முடித்துவிடும்.

இன்ஸ்டாக்ஸை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. 2023இல் வந்த மினி 12இல் லென்ஸைத் திருப்பினால் 30 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். முகம் சட்டம் நிறைய விழும். ஒன்றரை நிமிஷத்தில் தாளில் படம் தெளியும், எடுக்கப்பட்டவர் கையிலேயே கொடுத்துவிடலாம். நம் கரையில் இது பெரிய விஷயம். ராமேஸ்வரம், தனுஷ்கோடி வருகிறவர்கள் வலை பின்னுகிறவரையும், கடற்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்களையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். படம் திரும்பி வந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரு பிள்ளை படம் எடுத்து, "இந்தாங்க, உங்களுக்குத்தான்" என்று நீட்டும்போது அந்த முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே ஒன்று வாங்கலாம்.

பழக்குவதற்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வெளிச்ச அளவை அந்தக் கேமராவே முடிவு செய்துகொள்கிறது, ஃபிளாஷும் ஒவ்வொரு முறையும் தானாக எரிகிறது. வெள்ளை மணலில் நிற்பவர் நெற்றி வெளுத்துப் போகும், அதற்குப் பிள்ளை செய்யக்கூடியது அதிகம் இல்லை. இன்னொன்று, முதல் தாள் வெளியே வந்ததுமே பிள்ளையின் கண் தாளுக்குப் போய்விடும். எதிரில் இருப்பவர் காத்துக்கொண்டு இருப்பார். பத்துத் தாளும் பத்து நிமிஷத்தில் காலி. நெகட்டிவும் கிடையாது, கொடுத்தால் கொடுத்ததுதான்.

எஸ்.எல்.ஆர். என்றால் என் கணக்கில் பென்டாக்ஸ் கே1000 மாதிரி ஒன்று. 1976 முதல் 1997 வரை உற்பத்தியில் இருந்த கேமரா. ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், தீர்ந்துபோனாலும் படம் விழும். லென்ஸைச் சேர்க்காமலே 600 கிராமுக்கு மேல் எடை என்பது குறைதான். பட்டையைப் பிள்ளை கழுத்தில் மாட்டி, முழங்கையை முட்டியில் ஊன்ற வைத்தால் சமாளித்துக்கொள்ளும்.

அதன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நடுவில் சின்ன வட்டம் ஒன்று தெரியும். ஃபோகஸ் விலகி இருக்கும்போது அந்த வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் பொடிப்பொடியாக உடைந்து மினுங்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப மினுக்கம் அடங்கி, இமை மயிர் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். என் அண்ணன் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவுதான்: "அப்பத்தா கண்ணு உடையாம தெரியிற வரைக்கும் திருப்பு. அப்புறம் அமுக்கு." அப்பத்தா பேசிக்கொண்டே இருந்ததால் தலை முன்னும் பின்னும் போனது. இவள் விடாமல் பின்தொடர்ந்தாள். பாதியில் கேமராவை இறக்கி, "அப்பத்தா, புருவத்துல என்ன தழும்பு?" என்று கேட்டாள். அந்தத் தழும்பை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

வெளிச்சமும் வேகமும் பெரியவர் வேலை, ஃபோகஸும் ஷட்டரும் பிள்ளை வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சில சுருள்களுக்கு லென்ஸ் திறப்பை எஃப் 8இல் வைத்துவிட்டு மாற்றவே வேண்டாம்; எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். பேசுகிறவர் தலை அதைத் தாண்டிவிடும். எஃப் 8இல் 40 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டு (வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்கும் என்பதற்கான எண் அது), ஓலைப் பந்தலின் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி ஆளை உட்கார வைத்தால் நொடியில் 250இல் ஒரு பங்கு வேகம் போதும். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் 125இல் ஒரு பங்கு. முன்னால் கிடக்கும் மணலே கீழிருந்து கண்குழிக்கு வெளிச்சம் தூக்கித் தரும். வெட்டவெளி வேண்டாம். ஏப்ரல் நடுவில் நம் ஊரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் மிஞ்சும்.

ஆனால் அந்த மாதங்களைத் தவற விடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கும் மே முழுக்க லீவு. வலைக் குவியலில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் எட்டு வயதுப் பிள்ளை நிற்கும்போது அதன் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரம். பெரியவர்கள் குனிந்து எடுக்க வேண்டிய கோணம் பிள்ளைக்குத் தானாக அமைகிறது. "ஒரு போட்டோ எடுத்துக்கவா மாமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் எடுக்கப் பழக்குங்கள்.

யாஷிகா-மேட் மாதிரி இரட்டை லென்ஸ் பெட்டிக் கேமராவையும் சிலர் சொல்வார்கள். மேலிருந்து இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாத பிள்ளைக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு கிலோவைத் தாண்டும், இடம் வலம் மாறித் தெரியும், பிள்ளையின் வயிற்று உயரத்திலிருந்து எடுத்தால் எல்லோருக்கும் முகவாய்தான் பெரிதாக விழும். எஸ்.எல்.ஆரில் மற்ற கண்ணை நீங்கள் உள்ளங்கையால் மறைத்துவிட்டால் போதும்.

கலரா, கறுப்பு வெள்ளையா? கறுப்பு வெள்ளை. கலர் ரோலை வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பிக் காத்திருப்பதற்குள் எந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்பது பிள்ளைக்கு மறந்துபோகும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். பிலிமில் படத்தைத் தெளிய வைக்கும் டி-76 டெவலப்பர் மருந்துக்கு வழக்கமாகச் சொல்லும் வெப்பம் 20 டிகிரி. நம் குழாய்த் தண்ணீர் 30ஐ ஒட்டி நிற்கும். மீனுக்கு வாங்கும் ஐஸில் கொஞ்சம் உடைத்துப் பேசினில் போட்டு, மருந்து பாட்டிலை அதற்குள் நிறுத்தி வையுங்கள். மருந்து கலப்பதும் ஊற்றுவதும் பெரியவர்கள். பிலிமை உள்ளே வைத்து மூடி இறுக்கிய டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துவது மட்டும் பிள்ளை. கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். கேன் தண்ணீர் எடுங்கள். நெகட்டிவை ஸ்கேன் செய்து ஊர் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, எடுக்கப்பட்டவரிடம் பிள்ளை கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். இன்ஸ்டாக்ஸ் தருவதை இதுவும் தரும், சில நாள் தாமதமாக. நெகட்டிவ் உங்களிடம் இருக்கும்.

பழைய கேமரா வாங்கும்போது பின்மூடியைத் திறந்து, வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஓரப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி கையில் ஒட்டினால் மாற்ற வேண்டும், செலவு அதிகமில்லை. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை இருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு லென்ஸைக் காக்க ஒரு யூ.வி. ஃபில்டர் மாட்டி, கச்சான் காற்று வீசும் நாளில் கரைப் பக்கம் கொண்டுபோகாமல், வீட்டுத் திண்ணையிலேயே முகம் எடுங்கள். ஆறு வயதுக்கும் கீழே என்றால் அந்த எச்35ஐயே கொடுங்கள். கேமராவைத் தூக்க முடியாமல் பிள்ளை சலித்துப்போனால் எதையும் பழக்க முடியாது.