போர்னியோ காட்டு டூர்: சென்னை ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் படியுங்கள்

2024 டிசம்பரில் பெண்ணுக்கு அரையாண்டு லீவு விட்டதும் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போனோம். போர்னியோ தீவின் வடக்குப் பகுதி அது. மழைக்காடு, ஆறு, ஒராங்குட்டான் என்று ‘கைடட் ரெயின்ஃபாரஸ்ட் டூர்’ போட்டு அசோக் நகர்ப் பக்கம் விற்றுக்கொண்டிருந்த ஒரு டிராவல்ஸ் வழியாகத்தான் போனோம். அவர்கள் பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிற்கிறது, முடியும்வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; இதே பேக்கேஜை இதே வார்த்தைகளோடு விற்கும் கடைகள் நகரத்தில் இன்னும் இருக்கின்றன.

நான், மனைவி, எட்டாவது படிக்கும் பெண், மாமியார் என நால்வருக்கு 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். சண்டகான் நகரில் இறங்கி, செப்பிலோக் ஒராங்குட்டான் மையம், கினபத்தாங்கன் ஆற்றில் படகு, டானம் பள்ளத்தாக்கில் காட்டு நடை, கோமந்தோங் குகை. கூடவே முழு நேர கைடு, இந்திய சைவச் சாப்பாடு. எல்லாம் பேக்கேஜுக்குள் என்றார்கள்.

முதல் சுருட்டல் புறப்படும் முன்பே நடந்திருக்கிறது. ‘விசா ப்ராசஸிங்’ என்று தலைக்கு 4,500 ரூபாய், ‘சபா பெர்மிட்’ என்று தலைக்கு 2,000 ரூபாய் வாங்கினார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். வருகிறோம் என்று ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், நாமே நிரப்பினால் போதும், அது இலவசம். சபாவுக்குத் தனி இமிகிரேஷன் உண்டு என்பது உண்மைதான், கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் அங்கே மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். ஆனால் சுற்றுலா போகிறவரிடம் அதற்குப் பணம் எதுவும் கேட்பதில்லை. ஆக, இல்லாத இரண்டு விஷயங்களுக்கு 26,000 ரூபாய்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். வாட்ஸாப்பில் நான் என்ன எழுதிக் கேட்டாலும் எழுத்தில் பதில் வராது. ஐந்து நிமிடத்தில் போன் வரும். “சார், ஆத்தங்கரையிலேயே ரிசார்ட் சார், ஜன்னலைத் திறந்தா குரங்கு.” “டானமா? அதுதான் சார் நம்ம டூரோட ஹைலைட்டே.” பேசியதைக் கொஞ்சம் எழுதி அனுப்புங்கள் என்றால் அழகான படங்கள் போட்ட ஒரு பிடிஎஃப் வரும். அதில் ‘சுகாவ் ரிவர் லாட்ஜ் அல்லது அதற்கு இணையானது’, ‘ரிவர் குரூஸ்’, ‘ரெயின்ஃபாரஸ்ட் வாக்’ என்று மட்டும் இருக்கும். எந்த லாட்ஜ், எத்தனை மணிப் படகு, எந்தக் காடு, ஒன்றும் இருக்காது. இரண்டாவது தவணையை மட்டும் தெளிவாக எழுத்தில் கேட்டார்கள், அதுவும் ஜிபேயில் வேறொரு பெண்மணியின் பெயரில் இருந்த எண்ணுக்கு.

சண்டகான் விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு நின்றவர் டிரைவர். கைடு எங்கே என்று கேட்டால் “நான்தான்” என்றார். மலேசியாவில் 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி கைடு வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். இவரிடம் அது இல்லை. அதனால் செப்பிலோக்கில் வாசலோடு நின்றுகொண்டு, உள்ளே போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆளைக் குறை சொல்ல முடியாது. காருக்கு மட்டும்தான் அவருக்குக் கூலி. மாமியாரை ஆன்ட்டி ஆன்ட்டி என்று கை பிடித்து ஏற்றி இறக்கியது அவர்தான்.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. சென்னைக்காரர் கோலாலம்பூரில் ஒருவருக்கு விற்று, அவர் சண்டகானில் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளில் ஊருக்குள் ஒரு ஹோட்டல், கார், செப்பிலோக், ‘படகு – பகல்’, சிட்டி டூர். அவ்வளவே. டானம் என்ற பெயரே இல்லை. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். இன்று எங்கள் வழக்கில் உருப்படியான சாட்சி அதுதான்.

சரி, ஊருக்குள் ஹோட்டல் போட்டால் என்ன குடிமுழுகிவிட்டது என்று தோன்றலாம். கினபத்தாங்கன் விஷயத்தில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. 560 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது, சபாவிலேயே நீளமானது. கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பாமாயில் தோட்டம். சண்டகானிலிருந்து சுகாவ் கிராமம் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தத் தோட்டத்துக்குள்தான் கார் ஓடுகிறது. காடு மிஞ்சியிருப்பது ஆற்றங்கரையை ஒட்டித் துண்டு துண்டாக. அதில் சுமார் 26,000 ஹெக்டேரை 2005-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். யானை, ஒராங்குட்டான், இருவாச்சிப் பறவை எல்லாம் அந்த ஒல்லியான பட்டைக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் படகிலிருந்தே இவ்வளவு பார்க்க முடிகிறது.

ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீள்மூக்குக் குரங்குகள் பகலில் உள்ளே இலை தின்றுகொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வரும். காலையில் வெயில் ஏறுவதற்குள் மறுபடி உள்ளே போய்விடும். படகுக்காரர்களின் நேரமே காலை ஆறு மணி, மாலை நான்கு மணி. அதற்கு சுகாவிலோ பிலிட்டிலோ ஆற்றங்கரையில் இரவு தங்கியே ஆக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மதியம் ஒரு மணிப் படகு. டிரைவரை ஐந்து மணி வரைக்கும்தான் பேசியிருந்தார்கள், அதற்குள் சண்டகான் திரும்ப வேண்டும். உச்சி வெயிலில் கொக்கு, ஒரு உடும்பு, கரையில் சாதாரணக் குரங்குக் கூட்டம். “அப்பா, இதெல்லாம் வண்டலூர்லயே இருக்கே” என்றாள் பெண். படகோட்டி அந்த ஊர் ஒராங் சுங்கை சமூகத்துக்காரர். மெனங்குல் கிளையாற்றின் வாயைக் காட்டி, நான்கு மணிக்கு வந்திருந்தால் இதற்குள் கூட்டிப்போயிருப்பேன் என்று அவரே வருத்தப்பட்டார்.

டானம் கதை இதைவிட மோசம். 438 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பழங்காடு அது. ஆய்வாளர்கள் 2019-இல் நூறு மீட்டருக்கு மேல் உயரமான ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தை அளந்து சொன்னார்களே, அது இந்தப் பள்ளத்தாக்கில்தான் நிற்கிறது. அதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் பெண் டானம் வேண்டும் என்று அடம்பிடித்தாள். சண்டகானிலிருந்து லஹாட் டாத்து என்ற ஊருக்கு மூன்று மணி நேரம் அளவுக்குக் காரில் போய், அங்கிருந்து மண் ரோட்டில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். தங்குவதற்கு விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான், மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். எங்கள் பிடிஎஃபில் ‘காலை டானம், மதியம் கோமந்தோங், இரவு சண்டகான்’ என்று இருந்தது. மேப்பைத் திறந்து தூரம் பார்த்தாலே நடக்காத காரியம் என்று தெரியும். அதை எழுதிய ஆள் சபாவை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் கூட்டிப்போனது செப்பிலோக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரெயின்ஃபாரஸ்ட் டிஸ்கவரி சென்டருக்கு. மர உச்சி உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள், நல்ல இடம், தனியாகவே பரிந்துரைப்பேன். அது டானம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தியச் சாப்பாடு இல்லை. அது பெரிய ஊரில்லை, எதிர்பார்த்ததும் தப்புதான் என்று விட்டுவிடலாம், அவர்கள் உண்டு என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். சைவக்காரர்களுக்கு ஒன்று மட்டும்: அங்கே கீரைப் பொரியலில்கூட பெலாசான் என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். மாமியார் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார். பெலாசான் வேண்டாம் என்று சொல்லியே ஆர்டர் செய்யுங்கள். ஹோட்டலில் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். அது நியாயமான வரி. எங்கள் ஆள் அதையும் பேக்கேஜுக்குள் என்றுதான் சொல்லியிருந்தார், நாங்கள்தான் கட்டினோம்.

மழையைப் பற்றியும் பொய். “டிசம்பர் அங்கே நல்ல சீசன் சார்” என்றார். சபாவின் கிழக்குப் பக்கத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பெருமழை. ஆறு செம்மண் கரைசலாய்ப் பொங்கி ஓடியது, படகுத்துறையின் கீழ்ப்படிகள் தண்ணீருக்குள். மார்ச்சுக்கு மேல் போனால் நடக்கவாவது தரை இருக்கும்.

சிட்டி டூர் போட்டிருந்த நாளை விட்டுவிட்டு, டிரைவரிடம் தனியாகப் பேசி மறுபடி சுகாவுக்கே போனோம். கிராமத்தில் ஒரு ஹோம்ஸ்டே. நால்வருக்கும் தங்கல், சாப்பாடு, மாலையும் காலையும் படகு எல்லாம் சேர்த்து நம் பணத்தில் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் மெனங்குலுக்குள் மோட்டாரை மெதுவாக்கிக்கொண்டு நுழைந்தபோது ஒரே மரத்தில் நீள்மூக்குக் குரங்குக் குடும்பம், பானை வயிற்றோடு பெரிய ஆண் ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் ஜோடியாக இருவாச்சி. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் ஒன்றைத்தான் அந்த ஆள் லட்சக்கணக்கில் விலை பேசி, அதையும் கொடுக்காமல் விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊர் திரும்பிய பிறகு இன்னொன்று வெளிவந்தது. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிக்க வேண்டும். அப்போது 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம். வரம்பும் விகிதமும் பிறகு மாறியிருக்கின்றன, போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் பேக்கேஜ் பணத்துக்கு மேல் 23,000 ரூபாய் அதற்கென்று பிடித்தார்கள். அது நம் பான் எண்ணில் ஏறி, வருமான வரிக் கணக்கில் நமக்கே கழிய வேண்டிய பணம். ரிட்டர்ன் போடும்போது, நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் ஒரு ரூபாய்கூட இல்லை. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தார் ஆடிட்டர். ரத்தான எண். இந்தச் சோதனைக்குக் காசும் கிடையாது, நேரமும் ஆகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்யலாம். பணம் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்ட்டுக்குப் போகாமல் யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்குப் போகிறதென்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டபோது அடுத்த டூரில் 15,000 ரூபாய் தள்ளுபடி என்று கூப்பன் அனுப்பினார்கள். பிறகு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அவர்கள் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. டிராவல்ஸ் பதிலே சொல்லவில்லை. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, நாம் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. எதிர்த்தரப்பு பதிலில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற வரியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனவே நீங்கள் போனால், லாட்ஜின் பெயர், அது எந்தக் கிராமம், படகு கிளம்பும் மணி, அந்த ஊர் ஆபரேட்டரின் பெயர் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். போனில் பதில் வந்தால், பேசி முடித்த கையோடு ‘நீங்கள் இப்போது சொன்னது இது’ என்று நீங்களே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். மறுக்காவிட்டால் அதுவே ஆதாரம். பிறகு லாட்ஜுக்கு நேராக ஒரு மெயில் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அந்த ஆட்கள் இப்போது பிரேசில் அமேசானுக்கு பேக்கேஜ் போட்டிருக்கிறார்கள். என் அலுவலக நண்பர் விசாரித்தபோது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டிருக்கிறார். “அதெல்லாம் பிரேசில்ல யாரும் கேக்க மாட்டாங்க சார்” என்றார்களாம். கேட்கப்போவது மீனம்பாக்கத்தில். அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரேசிலும் பெருவும் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்குகிறவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் சுகாதார அதிகாரிகளுக்கு விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போங்கள்.