சென்னையா, சிங்கப்பூரா, ஐரோப்பாவா: சம்பந்தி கொண்டுவந்த மூன்று கொட்டேஷன்

தருமபுரியில் இருக்கும் என் சம்பந்தி போன மாதம் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது, சட்டைப் பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் விரித்தார். மூன்றும் ஓர் ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். ஒன்று சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல், ஒன்று சிங்கப்பூர், மூன்றாவது மத்தியதரைக்கடல். "நீங்க எட்டுத் தடவை போயிருக்கீங்க. எதுன்னு சொல்லுங்க சம்பந்தி, பணத்தைக் கட்டிடறேன்" என்றார்.

எட்டு என்ற கணக்கு சரிதான். சிங்கப்பூரிலிருந்து நான்கு, சென்னையிலிருந்து இரண்டு, மத்தியதரைக்கடலில் இரண்டு. கடலே இல்லாத மாவட்டத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று ஊரில் பேச்சு உண்டு. ஜூலைக் கடைசியில் பெங்களூரா மாங்காய் வரத்து நின்றுவிட்டால் எனக்கு வேலை கிடையாது. வீட்டில் இருந்தால் நானும் என் மனைவியும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவோம். அதற்குக் கப்பல் மேல்.

சம்பந்தியோடு போகிறவர்கள் அவர் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது, மூட்டு வலி. அவர் காகிதங்களைக் கப்பலின் அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். கப்பலை அப்புறம் பார்க்கலாம், எந்தக் கடல், எந்தக் கரை என்று முதலில் பாருங்கள் என்று நான் அடுக்கைக் கலைத்தேன்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து போகும், கார்டேலியா கம்பெனியின் எம்ப்ரஸ் 1990இல் பிரான்சின் சான் நசேரில் கட்டிய கப்பல். முன்பு ராயல் கரீபியன் கம்பெனியிடம் இருந்தது, சுமார் 48,500 கிராஸ் டன். சிங்கப்பூரிலிருந்து போகும் கெண்டிங் ட்ரீம் 2016இல் ஜெர்மனியில் கட்டியது, சுமார் 1,50,000 டன், 335 மீட்டர் நீளம். கிராஸ் டன் என்றால் எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒன்று மற்றொன்றைப் போல மூன்று மடங்கு. சின்னக் கப்பலில் முதல் நாள் சாயங்காலத்துக்குள் வழி பழகிவிடும். பெரிய கப்பலில் மூன்றாம் நாள்கூடச் சாப்பாட்டுக் கூடம் முன்பக்கமா பின்பக்கமா என்று நான் தடுமாறியிருக்கிறேன். தண்ணீர்ச் சறுக்கும் கயிற்று விளையாட்டும் தேடும் பிள்ளைகள் இருந்தால் பெரியது. இல்லையென்றால் அளவு பெரிய விஷயமே இல்லை.

கடல்தான் பெரிய விஷயம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங் பக்கம் போகும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகப் போகிறது. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டும் வேலி போல நின்று பெரிய அலையை உள்ளே விடுவதில்லை. நான்கு பயணத்திலும் மேசையில் வைத்த காபி தளும்பியதில்லை. சென்னையை விட்டால் உடனே திறந்த வங்கக் கடல். போதாததற்கு, மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் பொதுவாக அந்தக் கப்பல் சென்னைக்கு வருகிறது. வங்கக் கடல் அப்போது அரபிக்கடல் அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் ஆட்டம் தெரியும். 2023 ஆகஸ்டில் ஒரு ராத்திரி முழுக்க என் மனைவி கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடியே படுத்திருந்தார். மத்தியதரைக்கடல் கோடையில் குளம் போல இருக்கும், அக்டோபர் பிந்தினால் சொல்ல முடியாது.

"ஒகேனக்கல் பரிசல்ல எனக்குத் தலை சுத்தினதே இல்லையே" என்றார் சம்பந்தி. அது வேறு கதை. பரிசல் சுழலும்போது கண்ணும் அந்தச் சுழற்சியைப் பார்க்கிறது. கப்பல் அறையில் சுவர் அசையாமல் நிற்கிறது, காதுக்குள் மட்டும் அசைவு தெரிகிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்வதால்தான் குமட்டல். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு வாங்கி, தலை சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே போட வேண்டும். அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசா பலகையில் நடுப்பகுதி அவ்வளவாக ஆடாது இல்லையா, அதே கணக்கு. விசித்திரம் என்னவென்றால், அதிகக் காசு வாங்கும் அறைகள் பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கின்றன.

அடுத்தது கரை. சென்னைக் கப்பல் எல்லா ஆண்டும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. நாங்கள் போன ஆண்டு இலங்கை. திருகோணமலையில் இறங்கி, சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலுக்குப் போனோம். பாறை உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல். அந்த ஒரு காலைக்காகவே அந்தப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு ஆண்டுகளில் விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று மாறியிருக்கிறது. சம்பந்தியின் காகிதத்தில் விசாகப்பட்டினம்தான் இருந்தது. அதற்கு ரயில் இருக்கிறது.

சிங்கப்பூர்க் கப்பல்களில் ஒரே கம்பெனியிலேயே பல வழிகள் உண்டு, இங்கேதான் கவனம் வேண்டும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், தமிழில் பேசிக் காய்கறி வாங்கலாம். புக்கெட் அப்படி இல்லை. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாமல் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குவது அங்கே வழக்கம். ஆடும் படகுக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் அன்று கப்பலிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். போர்ட் கிளாங்கில் கப்பல் கரையில்தான் கட்டும், ஆனால் கோலாலம்பூருக்கு டாக்ஸியில் ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஐரோப்பாவில் துறைமுகத்தின் பெயரை நம்பாதீர்கள். "ரோம்" என்று காகிதத்தில் இருந்தால் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு பெங்களூர் என்று சொல்வது போல. "ஃபுளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ, அதுவும் தூரம். வெனிஸ் நகருக்கு நடுவே பெரிய கப்பல் போவதை 2021 ஆகஸ்டிலிருந்து தடை செய்துவிட்டார்கள். 25,000 டன்னுக்கு மேல் உள்ளவை நகரின் நடுவிலுள்ள சான் மார்க்கோ சதுக்கத்தின் பக்கம் வர முடியாது. நேபிள்ஸும் ஜெனோவாவும் மட்டும் நல்ல பிள்ளைகள், இறங்கினால் ஊர். தினமும் ஒரு ஊர் என்பதால் காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்துச் சாயங்காலம் ஐந்துக்குத் திரும்பும் வேலை அது. திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் காத்திருப்பார்கள், ஆனால் விலை நாமே போவதைவிட இரண்டு மூன்று மடங்கு.

விசித்திரமாக, நாள் கணக்கில் ஐரோப்பாக் காகிதம்தான் மலிவாகத் தெரிந்தது. ஏழு ராத்திரிக்கு, ஜன்னல் இல்லாத உள்ளறை ஆளுக்கு அறுபதாயிரத்தை ஒட்டி. சம்பந்தியின் கண் அதில்தான் இருந்தது. விமான டிக்கெட் அந்தக் காகிதத்தில் இல்லை, ஐரோப்பிய நாடுகளுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவும் இல்லை. துறைமுக வரி கீழே சின்ன எழுத்தில். இதற்கு மேல் தினமும் ஆளுக்குப் பதினைந்து இருபது டாலர் டிப்ஸ் என்று கணக்கில் ஏறும். அது நம் இஷ்டம் என்று பெயர்தான். ஐரோப்பியக் கப்பல்கள் சிலவற்றில் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. பஃபே பக்கம் குழாயில் இலவசம் என்பதால் என் மனைவி பாட்டிலை நிரப்பிப் பையில் கொண்டு வருவார். எல்லாம் சேர்த்து எங்கள் இரண்டு பேருக்கு, காகிதத்தில் இருந்த தொகையைப் போல இரண்டரை மடங்கு ஆனது. சிங்கப்பூரில் ஒன்றரை மடங்கு. சென்னையில் கிட்டத்தட்ட காகிதத்தில் இருந்ததேதான். கார் பெட்ரோலும் சுங்கச்சாவடியும் கூடுதல்.

இன்னொன்று, விமானம். முதல் ஐரோப்பாப் பயணத்தில் கப்பல் கிளம்பும் அன்று காலை பார்சிலோனாவில் இறங்கினோம். நாங்கள் வந்தோம், பெட்டி வரவில்லை. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது. மூன்று துறைமுகம் தள்ளித்தான் பெட்டி எங்களைப் பிடித்தது. அதுவரை நான் கப்பல் கடையில் வாங்கிய நங்கூரம் போட்ட டி-ஷர்ட்டில். அதிலிருந்து, எந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே போய்விடுகிறோம். சிங்கப்பூருக்கும் அப்படித்தான். பெங்களூர் விமான நிலையம் இங்கிருந்து 130 கிலோமீட்டர்தான், ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல் நடுவில் இருக்கிறது. ராத்திரி விமானம் என்றால் மத்தியானமே கிளம்புங்கள். சிங்கப்பூர் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையலாம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கப்பல் சுற்றிவிட்டு மறுபடி அங்கேதான் வரும்.

சாப்பாட்டுக்குச் சென்னைக் கப்பலை யாரும் மிஞ்ச முடியாது. இட்லி, சாம்பார், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீ. சிங்கப்பூர்க் கப்பலில் இந்தியச் சைவம் தனியாகக் கிடைக்கும். சாதமும் பருப்பும் வாய்க்கு ஒத்துவரும், ரசம் எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவில் மூன்றாம் நாள் பாஸ்தாவைப் பார்த்து என் மனைவி, "ஏங்க, ஒரு உருண்டை களியும் கீரையும் கிடைச்சா இந்தக் கப்பலையே எழுதிக் கொடுத்துடுவேன்" என்றார். வீட்டில் சமைத்ததைக் கொண்டு போகலாமே என்பீர்கள். முதல் பயணத்தில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனோம், வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சமைத்த சாப்பாடு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் ஏறாது. கடையில் சீல் போட்ட முறுக்கு, ஊறுகாய்ப் பாக்கெட் தப்பிக்கும்.

போனைக் கப்பல் ஏறியதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த டவர் பிடித்துக்கொண்டால் ஒரு மிஸ்டு காலுக்கு வருகிற பில்லைப் பார்த்தே மயக்கம் வரும். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் வாந்திபேதிக் கிருமிக்குக் கையில் தேய்க்கும் சானிடைசர் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் ஒளியாதீர்கள், பேர் சொல்லித் தேடி வருவார்கள்.

அறை பற்றி நான் ஊரெல்லாம் சொல்லி வருவது இதுதான். பால்கனிக்குக் காசு கொடுப்பதாக இருந்தால், கப்பல் நாள் முழுக்கக் கடலில் இருக்கும் பயணத்துக்குக் கொடுங்கள். ஐரோப்பாவில் பகலெல்லாம் ஊரில் அலைவோம், ராத்திரி இருட்டு. பால்கனி பூட்டியே கிடக்கும். இரண்டு மூன்று ராத்திரிப் பயணத்துக்கும் தேவையில்லை. மேல்தளத்துக்குப் போனால் அதே கடல் இலவசமாகத் தெரிகிறது. ஜன்னல் இல்லாத உள்ளறையில் பகல் ராத்திரி தெரியாது என்பது ஒன்றுதான் குறை. மண்டிக்குப் பின்னால் மாங்காய் பழுக்க வைக்கும் அறையில் மத்தியானத் தூக்கம் போட்டுப் பழகியவனுக்கு அது குறையே இல்லை.

ஆக சம்பந்திக்கு நான் சொன்னது: சிங்கப்பூர், மூன்று ராத்திரி, புக்கெட் இல்லாத வழி, கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ளறை. ஐரோப்பாவை நீங்களும் சம்பந்தியம்மாவும் மட்டும் போகும் ஆண்டுக்கு வையுங்கள். சென்னைக் கப்பல் மறுபடி திருகோணமலைக்குப் போனால் சொல்கிறேன், எல்லோரும் போகலாம்.

பினாங்கா, போர்ட் கிளாங்கா என்பதை அவர் அம்மாவிடம் விட்டோம். போன் போட்டுக் கொடுத்தார். போர்ட் கிளாங்கிலிருந்து பத்துமலைக்குப் போகலாம், ஆனால் மேலே குகைக்கோயிலுக்கு 272 படி என்றேன். "முருகன் சிலை கீழேதானே நிக்குது? படத்துல பார்த்திருக்கேன். 140 அடி சாமியைக் கும்பிட எதுக்குப்பா படி ஏறணும்?" என்றார். போர்ட் கிளாங் முடிவானது.

நேற்று சம்பந்தி பணம் கட்டிவிட்டுப் போன் செய்தார். பால்கனி அறை போட்டிருக்கிறார், அதுவும் ஒன்பதாம் தளத்தில். நான் ஆரம்பிப்பதற்குள், "அம்மாவால மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் அலைய முடியாது சம்பந்தி. ஒரே இடத்துல உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும்னு போட்டேன்" என்றார். எட்டுப் பயணத்தில் நான் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அறை கப்பலின் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறதாம்.